எம் சுவரில் ஏறிய பட்டாம்பூச்சி

காஞ்சிமாநகரினின்றும் மேற்கு நோக்கிப் பெங்களூர்ப் பெருவழியே செல்வோர், தாமல் என்னும் எம் ஊரை அதன் ஏரியால் அறிவர். மாவட்டத்துப் பெரிய ஏரிகளுள் அஃது ஒன்று. வராகீசர் கோயிலை நாடி வருவோர் சிலர் ஊருக்குள்ளும் புகுவர். மற்றையோர் பேருந்தின் பலகணி வழியே நீர்ப்பரப்பை ஒருமுறை நோக்கிவிட்டுத் தம் வழியே போவர். அவ்வூரில், கூடத்திற் பாதியைக் குழித்தறி பிடித்துக்கொண்ட ஒரு வீட்டில் யாம் பிறந்து வளர்ந்தோம். (ஒருவனே ‘யாம்’ என எழுதுதல் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனுக்கு உண்டாகும் சிறு செருக்கு, அன்பர்கள் பொறுத்தருள்க.) எந்தையார் காஞ்சியிலுள்ள முதலாளி ஒருவரிடம் பாவும் ஊடும் சரிகையும் பெற்றுவந்து, புடவை நெய்து கொடுத்துக் கூலி பெறுபவர். அன்னையார் கோர்வைக்கு மறுபுறம் அமர்ந்து நாடா வாங்கித் தருவார். ஆயா தார் சுற்றுவார். பாட்டியாரை எம் பக்கத்தில் ஆயா என்றே அழைப்பர்.

எம் கூடத்துச் சுவரில் நெடுங்காலம் இரண்டே பொருள்கள் இருந்தன: இயேசுபெருமானின் படம் ஒன்று, மறைந்த பாட்டனாரின் நிழற்படம் ஒன்று. சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் மூன்றாவதாக ஒன்று ஏறிற்று. எம் தமக்கையார்க்கு மணம் உறுதியான செய்தி கேட்டு, அயல்நாட்டில் பணிபுரியும் உறவினர் ஒருவர் கொணர்ந்த பரிசில் அது. கருமரச் சட்டம், உள்ளே வெண்மையான அட்டை, அதன் நடுவே, விரித்த உள்ளங்கையினும் அகன்ற நீலநிறப் பட்டாம்பூச்சி ஒன்று.

அந்நீலத்தை எழுத முயன்று மூன்றுமுறை அடித்துவிட்டோம். காயாம்பூ என்றால் மங்கல். மயிற்கழுத்து என்றால் ஒருவாறு அணுகும். பட்டுக்குச் சாயம் தோய்ப்பதில் நாற்பதாண்டு பழகிய எம் அண்டைவீட்டுப் பெரியவர் வந்து பார்த்து, “இந்த வண்ணம் எந்தத் தொட்டியிலும் எடுக்க முடியாது” என்று சொல்லிப் போனார். அவர் சொன்னது எத்துணை உண்மை என்பது எமக்குப் பின்னரே விளங்கிற்று.

ஒரு கிழமை வரையில் தெருவினர் வந்து பார்த்த வண்ணம் இருந்தனர். ஆயாவும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கண்ணாடி அணிந்து வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, “எந்த ஊர்ப் பூச்சிடா இது?” என்றார்.

யாம் சட்டத்தை இறக்கிப் புறத்தே திருப்பினோம். விலை ஒட்டியிருந்த தாளை நகத்தாற் சுரண்டிய சுவடு இருந்தது. ‘உள்ளே இருப்பது மெய்யான பூச்சி’ என்னும் உறுதிமொழி ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, நாள் இல்லை.

“பேர் கூட இல்லாமலா மாட்டி வைப்பாங்க? உங்க தாத்தா படத்துக்குக் கீழே எல்லாம் எழுதி இருக்கே” என்றார் ஆயா. அவ்வளவே அவர் சொன்னது. எமக்கோ அது முள்ளாய்த் தைத்தது.

கல்லூரி திறந்ததும் கைப்பேசியில் எடுத்த படத்தை விலங்கியற் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினோம். தமிழ் மாணவன் பூச்சியோடு வந்ததில் அவர்க்கு மகிழ்ச்சி. அது மார்ஃபோ என்னும் இனத்தைச் சேர்ந்தது என்றும், தென்னமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் உள்ள காடுகளில் வாழ்வது என்றும் சொன்னார். பின்னர் அவர் சொன்னதே வியப்பு. அச்சிறகில் நீலச்சாயம் என்று ஒன்று இல்லையாம். சிறகை மூடியுள்ள நுண்செதில்களில் அடுக்கடுக்காக வரப்புகள் உள்ளனவாம். அவற்றிற்பட்ட ஒளியில் நீலம் மட்டுமே வலுத்து மீள்கிறதாம். மயிற்பீலியின் வண்ணமும் இவ்வகையினதே. சாயம் வெளுக்கும், இவ்வமைப்பு குலையாதவரை இந்நீலம் வெளுப்பதில்லை. நூறாண்டுக்கு முற்பட்ட மார்ஃபோவும் பெட்டியில் இன்றும் நீலமாகவே இருப்பதும், பிரேசில் நாட்டில் ஒருகாலத்தில் அச்சிறகை வெட்டித் தட்டுகளிலும் நகைகளிலும் பதித்து விற்றதும் அதனாலேயே.

“ஆனால், அதன் மறுபுறத்தை நீர் கண்டிருக்கமாட்டீர்” என்றார் அவர். மறுபுறம் பழுப்பு, சருகு போன்ற நிறம், அதிற் கண்போன்ற வளையங்கள். உயிரோடு அமர்ந்திருக்கும்போது அப்பூச்சி சிறகுகளை மேலே கூப்பிக்கொண்டு பழுப்பாகவே இருக்கும். அழுகிய பழத்தின் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பறக்கும்போதுதான் நீலம் மின்னி மறையும். எம் சட்டத்திலோ பழுப்பு முழுதும் அட்டையோடு ஒட்டிக் கிடக்கிறது. முன்சிறகின் பின்விளிம்பு உடலுக்கு நேர்குறுக்காக நிற்குமாறு விரித்தல், பின்சிறகும் மறையாமல் தெரியவேண்டும் என்று ஆய்வாளர் தம் வசதிக்கு வகுத்த முறையாம். எந்தப் பட்டாம்பூச்சியும் தானாக அங்ஙனம் அமர்வதரிது. யாம் சுவரில் மாட்டி வைத்திருப்பது பட்டாம்பூச்சியின் வடிவமும் அன்று. ஆய்வுக்கூடத்து முறையொன்றின் வடிவம். அவ்வாய்வுக்கு உயிரான பெயர்ச்சீட்டை மட்டும் கழித்துவிட்டார்கள்.

பெயர்ச்சீட்டைப் பற்றி அவர் மிக நேரம் பேசினார். ஆய்வுக்கூடத்தில் ஒவ்வோர் ஊசியிலும் பூச்சிக்குக் கீழே நகத்தளவான தாள் ஒன்று குத்தப்பட்டிருக்கும். பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் அதில் இருக்கும். அத்தாள் போயின், அரிய பூச்சியும் குப்பை என்று அத்துறையினர் கருதுவராம். கல்வெட்டில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் சிதைந்துபோனால் எம் துறையினர் படும் பாட்டை நினைத்துக்கொண்டோம்.

நிற்க. இதனைக் கேட்டுத் திரும்பிய எம் உள்ளத்தில் ஓர் ஆசை முளைத்தது. தென்னமெரிக்கப் பூச்சிக்கு இணையாகத் தாமல் ஊர்ப் பூச்சிகளைக் கொண்டு ஒரு சட்டம் சமைத்து, பெயரும் ஊரும் நாளும் எழுதி, தமக்கையாரின் புதுமனைக்குப் பரிசளிக்கலாம் என்பதே அது. தமக்கையாரிடம் வாக்கும் கொடுத்துவிட்டோம். “எங்கே, நீயா?” என்று அவர் நகைத்தார். அந்நகைப்பு எம்மை ஏரிக்கரைக்கு ஓட்டிற்று.

ஐப்பசி விடுமுறை. ஒருநாள் மழை, ஒருநாள் வெயில். கொசுவலைத் துண்டைக் கம்பி வளையத்தில் தைத்து மூங்கிற் கழியில் கட்டிக்கொண்டு கரைமேல் நடந்தோம். ஏரிக்கரை நெடுக எருக்கு. எருக்கிலையைத் தின்று வளரும் புழுவே வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியாகிறது. அவ்விலையின் நஞ்சு அதன் உடலிலும் தங்கிவிடுவதால் பறவைகள் அதனைத் தொடா. அதுவும் அது தெரிந்ததுபோலவே அஞ்சாமல் மெல்லப் பறக்கும். இப்பூச்சிகட்கு இந்நாளைய ஆர்வலர் வழங்கும் தமிழ்ப்பெயர்கள் எமக்குப் பெருங்களிப்பைத் தந்தன: வெந்தய வரியன், எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி, நீல வரியன். 2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டதன் பெயர் தமிழ் மறவன். வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று தேனுண்ணும் பூச்சிகளை வேறு வேறு பெயராற் பாடிய பழம்புலவர், இவ்வழகிகளை ஏனோ அவ்வளவாகப் பாடிற்றிலர். யாம் இதுகாறும் பயின்ற அளவில், இவற்றிற்கென்றே ஒரு பெயரைக் கண்டிலேம்.

முதலில் அகப்பட்டது எலுமிச்சை அழகி. எம் கொல்லையில் எலுமிச்சை மரத்தடியிலேயே வந்து மாட்டிக்கொண்டது. வலைக்குள் அது அடித்துக்கொண்ட ஒலி, தாள் ஒன்றைக் காற்று படபடக்கச் செய்வது போன்றிருந்தது. சிறகின் கீழே, மார்பை இருபுறமும் விரலாற் பற்றி நெரிக்கவேண்டும் என்று படித்திருந்தோம். படித்தது எளிது. பற்றியபோது விரலுக்கிடையே ஏதோ ஒன்று வலிவுடன் தள்ளிற்று. இத்துணைச் சிறிய உடலில் அவ்வளவு ஆற்றல் இருக்கும் என்று யாம் எண்ணியதில்லை. கண்ணை மூடிக்கொண்டோம். திறந்தபோது அது அசையவில்லை. எம் விரல்களில் மஞ்சளும் கறுப்புமாகத் தூள் படிந்திருந்தது. கிணற்றடியில் மும்முறை கழுவினோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இரண்டாவது எளிதாயிற்று. ஐந்தாவதைப் பிடித்தபோது அதன் சிறகு கிழியாமல் இருக்கிறதா என்பதே எம் கவலை.

இரு வெந்தய வரியன், ஓர் எலுமிச்சை அழகி, ஒரு கறிவேப்பிலை அழகி, பெயர் தெரியாத சிறு மஞ்சள் ஒன்று: ஆக ஐந்து. எந்தையார் பலகை இழைத்துத் தந்தார். நடுவில் உடலுக்குப் பள்ளம்; இருபுறமும் சிறகை விரித்துத் தாட்பட்டையால் அடக்கிக் குண்டூசி குத்துதல். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது கைவந்தது. அன்னையார்கூட, “கை நல்லாத்தான் வருது” என்றார். பத்துநாட்களில் காய்ந்தன. காஞ்சியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் சட்டம் ஒன்று செய்வித்து, ஒவ்வொன்றின் கீழும் பெயரும் ஊரும் நாளும் எழுதிக் கூடத்துச் சுவரில் நீலப்பூச்சிக்கு எதிரே மாட்டினோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. பெருமையால் என்றே அன்று எண்ணினோம்.

கல்லூரி மீண்டு, செருக்கோடு அப்படத்தைப் பேராசிரியரிடம் நீட்டினோம். அவர் நெடுநேரம் உற்றுநோக்கினார். “இவ்விரண்டும் வெந்தய வரியன் என்றா எழுதினீர்? பின்சிறகில் கரும்புள்ளிகளை எண்ணும்” என்றார். ஒன்றில் மூன்று நான்கு புள்ளிகள். மற்றதில் விளிம்போரம் ஒன்றே ஒன்று. இரண்டாவது வெந்தய வரியன் அன்று. நஞ்சில்லாத வேறோர் இனத்துப் பெண். வெந்தய வரியனைப் போலவே வேடம் பூண்டு பறவைகளிடமிருந்து தப்பிப் பிழைப்பது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருந்த அதே அட்டவணையில், நெடுங்காலம் இடம்பெற்றிருந்த இனமாம் அது! எமக்கு உடல் வியர்த்தது. பறவையைக் காலமெல்லாம் ஏமாற்றி வந்த வேடம், அதைக் காக்கவேண்டிய இடத்தில் எம்மையும் ஏமாற்றிவிட்டது. 2008ஆம் ஆண்டில் டார்ஜிலிங் பக்கத்துச் சிங்கலீலாக் காட்டில் ஒப்புதலின்றிப் பூச்சி பிடித்தமைக்காகச் செக் நாட்டினர் இருவர் கைதாகித் தண்டனை பெற்றனர் என்பதையும் அவர் அப்போதுதான் சொல்லவேண்டுமா? எம் பெயர்ச்சீட்டும் பொய்யாயிற்று என்பதே அவரினும் எம்மை அதிகம் சுட்டது.

எம் முகம் கண்டு இரங்கியோ என்னவோ, அவர் வாலேசு என்னும் அறிஞர் 1869இல் வெளியிட்ட மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலை எம் கையிற் கொடுத்தார். 1859இல் பச்சான் தீவில் பொன்னிறச் சிறகுடைய பெரும் பட்டாம்பூச்சி ஒன்றை வலையிலிருந்து எடுத்தபோது தம் நெஞ்சு படபடத்ததையும், குருதி தலைக்கேறி அன்று முழுதும் தலை வலித்ததையும் அவர் எழுதியிருக்கிறார். இலண்டனில் இருந்த முகவர்க்குப் பூச்சிகளை அனுப்பி, விற்ற பணத்தைக் கொண்டே அவர் அத்தீவுகளில் எட்டாண்டு திரிந்தார். அவரும் ஒருவகைக் கூலிக்காரரே. அவரை எம்மால் வெறுக்க இயலவில்லை. பின்வந்தவர் அவரினும் துணிந்தவர். உலகிற் பெரிய பட்டாம்பூச்சி நியூகினித் தீவில் 1906இல் முதன்முதல் அறிவுலகின் கைக்கு வந்தது துப்பாக்கிக் குண்டால்! அவ்வளவு உயரத்தில் அது பறந்ததாம். அரசி அலெக்சாந்திராவின் பெயரால் வழங்கும் அவ்வினத்தை விற்பதும் வாங்குவதும் இன்று உலக உடன்படிக்கையால் தடையுண்டிருக்கிறது. அதே நாட்டில், புலோலோ என்னும் ஊரில், 1978இல் அரசு ஒரு நிலையம் நிறுவிற்று. சிற்றூரார் தம் தோட்டத்தில் கொடி வளர்த்து, அதிற் பிற வகைப் பட்டாம்பூச்சிகளை வளர்த்து, அந்நிலையத்தின் வழியே அயல்நாடுகளுக்கு விற்றனர். பூச்சிக்கு விலை உண்டெனில், அது வாழும் காட்டை வெட்டார் என்பது அவர்கள் கொள்கை. இக்கொள்கையை எளிதில் தள்ளிவிட முடியாது. எம் வீட்டு நீலமும் இவ்வாறு ஓர் ஏழையின் தோட்டத்தில் வளர்ந்ததாக இருக்கலாம். சட்டத்தின் பின்னே அதனையேனும் எழுதியிருக்கலாகாதா?

கார்த்திகையில் ஒருநாள், வீட்டில் இதெல்லாம் பேச்சாயிற்று. யாம் கொலைத்தொழிலை இகழ்ந்து சற்று நீளவே பேசிவிட்டோம் போலும். எந்தையார் தறியில் இருந்தபடியே, “பட்டு எப்படி வருது, தெரியுமா?” என்றார்.

அறுபதாண்டு பட்டுத் தார் சுற்றிய எம் ஆயா, உயிருள்ள பட்டுப்புழுவைக் கண்டதே இல்லை. எம் ஊர்க்கு நூல், கருநாடக நாட்டிலிருந்து நூலாகவே வந்து சேர்கிறது. கைப்பேசியில் ஒரு காட்சியை அவருக்குக் காட்டினோம்: கூடுகள் கொதிநீரில் மிதக்கின்றன; உள்ளே புழு கூட்டுப்புழுவாய் உறங்குகிறது. விட்டிலாகி வெளியேறினால் கூட்டை நனைத்து உடைத்துவிடும், இழை அறுபடும். ஒரு கூட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரையில் ஒரே இழை. அதன்பொருட்டே அதனை வெந்நீரிலும் ஆவியிலும் கொல்வது. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். காஞ்சி காமகோடி மடத்துப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள், பட்டுக்கே பெயர்பெற்ற ஊரில் இருந்துகொண்டு, இது குறித்தே பட்டாடையைத் தவிர்க்குமாறு அன்பர்க்குச் சொல்லி வந்தவர். பட்டாம்பூச்சி என்று சொல்லும்போதே செவியில் பட்டு என்னும் சொல் விழுகிறது. ஐந்து பூச்சிக்கு உறக்கம் இழந்த யாம், எத்தனை ஆயிரம் கூடுகளின் கூலியில் சோறுண்டு கல்லூரி வரையிலும் வந்தோம் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

ஆயா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். சிறிது நேரம் தாரைச் சுற்றினார். பிறகு பேசினார்: “பாவம்தான். இல்லைன்னு சொல்லலை. ஆனா புடவைக்கு ஒரு வேலை இருக்கு. உடுத்துவாங்க, மடிச்சு வைப்பாங்க, பொண்ணுக்குக் கொடுப்பாங்க. கிழிஞ்சா தொட்டில் கட்டுவாங்க. இதுக்கு என்ன வேலை?”

“பார்ப்பதற்கு, ஆயா.”

“யார் பார்க்கறாங்க?”

யாம் நிமிர்ந்து பார்த்தோம். நீலப்பூச்சியின் கண்ணாடிமேல் தறித்தூசி படிந்திருந்தது. ஆவணியில் தெருவே வந்து பார்த்ததை, ஐப்பசிக்குப் பின் எவரும் பார்த்ததாக நினைவில்லை.

எந்தையார் மட்டும் உடன்படவில்லை. “முந்தியிலே சரிகையை எதுக்குப் போடறோம்? பார்க்கத்தானே? பார்க்கறதும் ஒரு வேலைதான் அம்மா” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எவர் பக்கம் சேர்வது என்று எமக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

தை பிறந்தது. மணத்திற்கு ஐந்துநாள் இருக்கையில், வெள்ளையடிப்பதற்காகச் சுவரில் உள்ளவற்றை இறக்கினார்கள். எம் சட்டத்தினுள்ளே கீழ்விளிம்பில் பழுப்புப்பொடி குவிந்து கிடந்தது. எலுமிச்சை அழகிக்கு உடல் இல்லை. சிறகு இரண்டு கழன்று சரிந்திருந்தன. மஞ்சள் முற்றும் போயிற்று. ஊசி மட்டும் நின்றது. மயிரடர்ந்த மிகச்சிறு புழு ஒன்று வெள்ளட்டைமேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அது வண்டின் புழுவாம்; உலர்ந்த உடல்களையே தின்று வளர்வதாம். அருங்காட்சியகத்தார்க்கு அதுவே பெரும்பகை. பெட்டியை இறுக மூடியும், இரசகற்பூரம் வைத்தும், கடுங்குளிரில் இட்டும் அவர்கள் காப்பார்களாம். எமக்கு இவை ஒன்றும் தெரியா. நீலப்பூச்சிக்கோ ஒரு குறையும் இல்லை. காற்றும் புகாதபடி ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

வெளியே பந்தற்கால் நடுகிறார்கள். உள்ளே யாம் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். தமக்கையார் வந்தார். வைதிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி, எஞ்சிய சிறகுகளை முறத்தில் தட்டினார்; கொல்லைக்குக் கொண்டுபோய் எலுமிச்சை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தார். அட்டையில் ஐந்து ஊசித்துளைகளும், ஐந்து இடத்தும் யாம் எழுதிய பெயரும், தாமல் என்னும் ஊரும், நாளும் எஞ்சின. “அந்த இரண்டாவது பேரைத் திருத்தி எழுது. நான் இதை எடுத்துக்கிட்டுப் போறேன்” என்றார்.

“இதில் ஒன்றும் இல்லையே, அக்கா.”

“எங்க ஊரில் என்ன இருந்ததுன்னு கேட்டா, படிச்சுக் காட்டுவேன்.”

வெந்தய வரியன் என்பதை அடித்து, பேராசிரியரிடம் கேட்டறிந்த பெயரை மேலே எழுதிக் கொடுத்தோம். அச்சட்டம் இன்று தமக்கையாரின் மாமியார் வீட்டில் இருக்கிறது. புதிதாக வருவோர் அதனைக் கண்டு, படம் விழுந்துவிட்டதோ என்று கேட்கிறார்களாம்.

நீலப்பூச்சி எம் வீட்டிலேயே தங்கிவிட்டது. பரிசளித்தவர் மனம் வருந்தக்கூடாது என்று அன்னையார் கொடுத்தனுப்பவில்லை, எறியவும் இல்லை. பாட்டனார் படத்தின் கீழே இருப்பதுபோல அதற்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினோம். பெயர் என்பதற்கு நேரே மார்ஃபோ என்றிருக்கிறது. ஊர், நாள் என்னும் இரண்டும் வெறுமையாக இருக்கின்றன. விடுமுறைக்குச் செல்லுந்தோறும், “தெரிஞ்சுதாடா?” என்று ஆயா கேட்கிறார். எம் கல்லூரியின் பழைய மாணவருள் தென்னமெரிக்க நாடுகளிற் பணியாற்றுவோர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், அப்பக்கத்துச் சிற்றூர் எதிலேனும் நீலப்பட்டாம்பூச்சி வளர்த்து விற்பாரை அறிவராயின், இதழாசிரியர் வழியாக எமக்கு ஒருவரி எழுதியருள்க. ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயதாகிறது.